திருகோணமலை: நான்கு ஆசனமும் தீராத கணக்கும்

1952இல் நடந்த பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சி முதன்முதலாகக் களம் இறங்கியது. முழுத் தீவிலும் அது வென்றது இரண்டே இரண்டு தொகுதி. ஒன்று யாழ்ப்பாணத்துக் கோப்பாய், மற்றது திருகோணமலை. கட்சியை உருவாக்கிய செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். வன்னியசிங்கமும் எங்கள் ஊர் என். ஆர். இராஜவரோதயமும் வென்றிராவிட்டால், அந்தக் கட்சி அடுத்த தேர்தல்வரை பாராளுமன்ற வாசலையே மிதித்திருக்காது. தமிழ் அரசியல் வரலாற்றை யாழ்ப்பாணத்தை நடுவில் வைத்தே எழுதிப் பழகிவிட்டதால், திருமலை செய்த இந்த வேலை பலருக்குத் தெரிவதில்லை.

இன்று அதே கட்சி, அதே மண்ணில், நான்கு ஆசனத்தில் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு என்ற நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "வாக்கைப் பிரிச்சுப் போட்டீங்களெண்டா ஆசனம் போயிடும்." இளையவர்களுக்கு இந்தப் பேச்சு சலித்துவிட்டது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது, தேர்தல் முறை எப்போது மாறியது, ஊர் எப்போது இடம்பெயர்ந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும்.

சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபையில் திருகோணமலைக்குத் தனி உறுப்பினர் கிடையாது. மட்டக்களப்பின் ஒரு பகுதியோடு சேர்த்து ஒரே தொகுதி. அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்த வி. நல்லையாதான், 1944இல் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர். 1947இல் திருகோணமலை, மூதூர் என்று இரண்டு தொகுதிகள் உருவாயின. முதல் தேர்தலில் திருகோணமலையை வென்றவர் தமிழ்க் காங்கிரஸின் எஸ். சிவபாலன். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பிடித்த ஏழு இடத்தில் குடாநாட்டுக்கு வெளியே இருந்தது இது ஒன்றுதான். மூதூர் ஏ. ஆர். ஏ. எம். அபூபக்கரிடம் போனது.

ஆக, ஆரம்பத்திலிருந்தே நகரமும் அதன் வடக்கும் தமிழருக்கு, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் முஸ்லிம்களுக்கு என்று ஒரு பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்ததல்ல. ஊர்கள் அப்படி இருந்தன, கோடும் அப்படி விழுந்தது. ஆனால் மூதூர்த் தொகுதிக்குள் தமிழ்க் கிராமங்களும் நிறைய இருந்தன. சம்பூர், சேனையூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று, வெருகல் என்று நீளும். இவர்களுக்குப் பிரதிநிதி யார் என்ற கேள்விக்கு 1959இன் எல்லை நிர்ணய ஆணைக்குழு ஒரு நல்ல பதில் சொன்னது. மூதூரை இரண்டு உறுப்பினர் தொகுதியாக்கியது. ஒரே தொகுதியிலிருந்து ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் போகலாம். 1970இல் ஏ. எல். அப்துல் மஜீதும் அ. தங்கத்துரையும் அப்படித்தான் சேர்ந்து தெரிவானார்கள். ஒருவர் சுதந்திரக் கட்சி, மற்றவர் தமிழரசுக் கட்சி. இந்த மாவட்டம் கண்ட ஏற்பாடுகளில் மக்களுக்கு மிகப் பொருத்தமானது அதுதான் என்பது என் எண்ணம். அதுதான் முதலில் பறிபோனதும்.

நகரத் தொகுதியின் கதை அவ்வளவு சிக்கலில்லை. இராஜவரோதயம் 1952, 1956, 1960 மார்ச், 1960 ஜூலை என்று தொடர்ந்து வென்றார். 1963இல் அவர் காலமானதும் வந்த இடைத்தேர்தலில் எஸ். எம். மாணிக்கராஜா தெரிவானார். 1965இலும் அவரே. 1970இல் பா. நேமிநாதன். எல்லாரும் தமிழரசுக் கட்சிதான். இடையில் 1956 ஓகஸ்டில் கட்சியின் மாநாடு திருமலையில் கூடியது. பல திசைகளிலிருந்தும் ஆட்கள் கால்நடையாக வந்து சேர்ந்தார்கள். சமஷ்டி ஆட்சி, மொழிச் சமத்துவம், மலையக மக்களுக்குக் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரச குடியேற்றத்தை நிறுத்துதல் என்ற நான்கு கோரிக்கையை வைத்து, அரசுக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள். அந்த நெருக்குதலில்தான் 1957 ஜூலையில், பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்துகொண்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் பிறந்தது. நான்காவது கோரிக்கையைத் திருமலையில் நின்று கேட்டதற்குக் காரணம் இருந்தது. கண்ணெதிரே அது நடந்துகொண்டிருந்தது.

கந்தளாய்க் குளத்தின் கீழும், மகாவலியின் நீர் பாயும் அல்லையிலும், பின்னர் முதலிக்குளம், பதவியா பக்கங்களிலும் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. காணி பெற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள். முதலிக்குளம் மொறவேவ ஆனது. அங்கே வந்த ஏழை விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவனுக்கும் ஒரு துண்டு வயல் வேண்டியிருந்தது. ஆனால் யாருக்கு எங்கே காணி என்று முடிவெடுத்தவர்கள், அடுத்த தலைமுறையின் வாக்குப் பெட்டியையும் சேர்த்தே பார்த்தார்கள் என்பதை மறைக்க முடியாது. 1981 குடித்தொகை மதிப்பீடு வரும்போது மூன்று சமூகங்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்ற நிலைக்கு மாவட்டம் வந்துவிட்டது.

அந்த மதிப்பீட்டுக்கு முன்பே கோடு மாறிவிட்டது. 1976இன் எல்லை நிர்ணயத்தில் சேருவில என்று ஒரு புதிய தொகுதி முளைத்தது. கந்தளாய், சேருவில, அல்லை போன்ற குடியேற்றப் பகுதிகளைச் சேர்த்துக் கட்டிய தொகுதி அது. அதோடு மூதூரின் இரட்டை உறுப்பினர் ஏற்பாடும் போய்விட்டது. 1977 தேர்தலின் முடிவைப் பாருங்கள்: திருகோணமலையில், தமிழரசுக் கட்சியும் சேர்ந்து அமைத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் இரா. சம்பந்தன், மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஈ. எச். மஹ்ரூப், சேருவிலவில் எச். டி. எல். லீலாரத்ன. மாவட்டத்துக்கு மூன்று உறுப்பினர் என்ற எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் இரண்டு தமிழர், ஒரு முஸ்லிம் என்றிருந்தது ஆளுக்கு ஒன்றாகிவிட்டது. மூதூரின் தமிழ்க் கிராமங்களுக்கு அன்றிலிருந்து சொந்த உறுப்பினர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு கோடு செய்த வேலை.

சம்பந்தனின் முதல் பதவிக்காலமும் நீடிக்கவில்லை. 1982 டிசம்பரில் ஜே. ஆர். சர்வஜன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். அடுத்த ஆண்டு கறுப்பு ஜூலை. பிறகு, தனிநாடு கோருவதைத் தடைசெய்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம். கூட்டணி உறுப்பினர்கள் சபையைப் பகிஷ்கரித்தார்கள். மூன்று மாதம் வராததால் 1983 செப்டெம்பரில் சம்பந்தனின் ஆசனம் பறிபோனது. 1989 வரை, அதாவது ஊர்கள் எரிந்து ஆட்கள் காணாமல்போன அந்த மிக மோசமான ஆண்டுகளில், திருமலைத் தமிழர் தேர்ந்தெடுத்த ஒரு குரல் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை.

1989 பெப்ரவரியில்தான் 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறையில் முதல் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. தொகுதிகள் எல்லாம் மாவட்டத்துக்குள் கரைந்தன. திருகோணமலை, மூதூர், சேருவில என்பவை வாக்கு எண்ணுவதற்கான பிரிவுகளாக மட்டும் எஞ்சின. மாவட்டத்துக்கு நான்கு ஆசனம். அந்தத் தேர்தலில் தமிழ் வாக்கு ஈரோஸ் என்ற தமிழ்ப் போராளி இயக்கத்தின் சுயேச்சைக் குழுவுக்குப் போனது. சம்பந்தன் தோற்றார். 1990இல் போர் மீண்டும் மூண்டதும் ஈரோஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தை விட்டு விலகினார்கள். மறுபடியும் வெறுமை.

இந்த முறையின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகளை முதலில் கழித்துவிடுவார்கள். அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸ். மிஞ்சும் மூன்று ஆசனத்துக்காக, கழிபடாத கட்சிகளின் மொத்த வாக்கை மூன்றால் வகுப்பார்கள். வரும் எண்தான் ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலையை முழுதாகக் கட்டியவர்களுக்கு முதலில் ஆசனம். மீதமிருந்தால், யாரிடம் மிச்ச வாக்கு அதிகமோ அவர்களுக்கு வரிசைப்படி.

2004 முடிவை வைத்தே செய்து பார்க்கலாம். தமிழரசுக் கட்சியும் மற்றத் தமிழ்க் கட்சிகளும் சேர்ந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 68,955. முஸ்லிம் காங்கிரஸ் 65,187. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 31,053. ஐக்கிய தேசியக் கட்சி 15,693. கூட்டினால் 1,80,888. மூன்றால் வகுத்தால் 60,296. கூட்டமைப்புக்கும் முஸ்லிம் காங்கிரஸுக்கும் ஒவ்வொன்று. மூன்றாவதற்கு யாரும் முழு விலை கட்டவில்லை, மிச்ச வாக்கில் 31,053 வைத்திருந்த சுதந்திரக் கூட்டமைப்புக்கு அது போனது. போனஸ் கூட்டமைப்புக்கு. இரண்டு, ஒன்று, ஒன்று. சம்பந்தனோடு க. துரைரெத்தினசிங்கமும் பாராளுமன்றம் போனார்.

கூட்டமைப்புக்கும் முஸ்லிம் காங்கிரஸுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 3,768 வாக்கு. அது மறுபக்கம் சாய்ந்திருந்தால் முஸ்லிம் காங்கிரஸுக்கு இரண்டு, தமிழருக்கு ஒன்று. கொழும்பு போன்ற மாவட்டங்களில் போனஸ் ஆசனம் பதினெட்டு பத்தொன்பதில் ஒன்று. அங்கே அது பெரிய விஷயமில்லை. இங்கே அது மாவட்டத்தின் கால்வாசி. ஆளும் கட்சிக்கு உறுதியான பெரும்பான்மை கிடைக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு, மூன்று சமூகம் வாழும் ஒரு சிறிய மாவட்டத்தில் சமூகங்களை ஒன்றோடொன்று ஓட்டப்பந்தயம் விடுகிறது. முஸ்லிம் வாக்கு ஒன்றுபடுகிறதே என்று தமிழர் பதறுவதும், தமிழ் வாக்கு ஒன்றுபடுகிறதே என்று முஸ்லிம்கள் பதறுவதும் இந்த விதியால் ஊட்டி வளர்க்கப்பட்டவை.

2004இன் அந்த ஒற்றுமை வலியிலிருந்து வந்தது. 1994இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்கில் முந்திய தங்கத்துரை போனார், சம்பந்தன் மறுபடியும் வெளியே. மூன்றாம் வருடம், 1997 ஜூலை 5ஆம் திகதி, ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் நடந்த நிகழ்வொன்றுக்குப் போன இடத்தில் தங்கத்துரை கொல்லப்பட்டார். அதற்குப் பதினைந்தாம் நாள், ஜூலை 20இல், நிலாவெளி வீதியில் இறக்கக்கண்டிப் பக்கம் மஹ்ரூப் கொல்லப்பட்டார். அப்துல் மஜீத் ஏற்கனவே 1987 நவம்பரில் கிண்ணியாவில் கொல்லப்பட்டிருந்தார். 1970இல் மூதூர் சேர்த்து அனுப்பிய இருவரும், 1977இல் அங்கே வென்றவரும், மூவருமே சுட்டும் குண்டெறிந்தும் முடிக்கப்பட்டார்கள். இந்த மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றை வெறும் எண்ணாக யாரும் எழுதிவிட முடியாது. வாக்குக் கேட்டு வீடு வீடாக வந்தவர்களை ஊரே தூக்கிப் புதைத்த வரலாறும் இதுதான்.

விகிதாசார முறையில் இடைத்தேர்தல் இல்லை. பட்டியலில் அடுத்தவர் வருவார். அப்படித்தான் சம்பந்தன் 1997இல், பதினான்கு வருடத்துக்குப் பிறகு, மறுபடி பாராளுமன்றம் போனார்.

அப்புறம் 2000ஆம் ஆண்டு. தமிழ்க் கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. வாக்கு சிதறியது. திருகோணமலையிலிருந்து ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை. போரால் வாசல் அடைபட்டிருந்த காலத்தை விட்டுப் பார்த்தால், தேர்தலில் நின்று தோற்று வெறுங்கையோடு திரும்பியது அதுதான் முதல் தடவை. ஊரில் பலர் அன்று தலைகுனிந்து நடந்தார்கள். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானதற்குப் பல காரணம் சொல்வார்கள். திருமலையின் இந்தத் தோல்வி அதில் முக்கியமான ஒன்று. 2001 டிசம்பரில் கூட்டமைப்பு இங்கே 56,121 வாக்கு எடுத்தது, சம்பந்தன் திரும்ப வந்தார். பிறகு 2024இல் இறக்கும்வரை அந்த ஆசனம் அவருடையதுதான்.

போரின் கடைசிச் சுற்று 2006இல் மாவிலாற்றிலிருந்து கிளம்பியது. மூதூர் கிழக்கு முழுவதும் எழும்பி ஓடியது. சம்பூர் மக்கள் முகாம்களில் பத்து வருடமளவு கிடந்தார்கள். காணி 2015, 2016இல்தான் திரும்பக் கிடைத்தது. 2010 தேர்தல் வரும்போது இந்த வாக்காளர்களில் பலர் பெயர் ஓர் ஊரிலும் ஆள் வேறோர் ஊரிலுமாக இருந்தார்கள். கூட்டமைப்பின் வாக்கு 33,268 ஆக இறங்கியது. அந்தத் தேர்தலில் கும்புறுப்பிட்டியில் ஒரு வாக்குச் சாவடியில் நடந்த முறைகேட்டால் வாக்களிப்பு ரத்தாகி, ஏப்ரல் 20இல் மறுபடி நடத்தினார்கள். மாவட்டத்தின் முடிவு அதுவரை காத்திருந்தது. நாட்டின் மற்றப் பெரும்பாலான மாவட்டங்கள் புதிய உறுப்பினர்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்க, திருமலை குச்சவெளி வீதியோரத்துக் கிராமம் ஒன்றின் பெட்டிக்காகப் பொறுத்திருந்தது. ஒரு சாவடியின் வாக்கும் முடிவை மாற்றக்கூடும் என்பதால்தானே காத்திருந்தார்கள்.

2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் சுமார் ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் கூட்டமைப்பு திருமலை மாவட்டத்தில் முதலிடம் பிடித்தது. முதலமைச்சர் பதவியை முஸ்லிம் காங்கிரஸுக்கே தருகிறோம், சேர்ந்து ஆள்வோம் என்று சம்பந்தன் கேட்டார். முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தின் பக்கம் போனது. அப்துல் மஜீதின் மகன் நஜீப் முதலமைச்சரானார். அந்த வாய்ப்பு நழுவியதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கிண்ணியாவும் மூதூரும் சம்பூரும் ஒரே குளத்து நீரையும் ஒரே கடலையும் பங்குபோடும் ஊர்கள்.

2015இல் 45,894, 2020இல் 39,570. இரண்டிலும் சம்பந்தனுக்கு ஓர் ஆசனம். முதலிடம் இரண்டு தடவையும் முஸ்லிம் வேட்பாளர்கள் வலுவாக நின்ற தேசியக் கூட்டணிகளுக்கு: முதலில் ஐக்கிய தேசியக் கட்சி, பிறகு ஐக்கிய மக்கள் சக்தி. மஹ்ரூபின் மகன் இம்ரான் இரண்டு தடவையும் வென்றார். 2012 குடித்தொகைக் கணக்கில் முஸ்லிம்கள் 40 வீதத்தைத் தாண்டியிருந்தார்கள், தமிழர் 31 வீதமளவு, சிங்களவர் 27. போரில் செத்தவர்கள், படகேறியவர்கள், விமானம் ஏறியவர்கள் எல்லாரும் இந்த வீதத்துக்குள் காணாமல்போய் நிற்கிறார்கள்.

2024 ஜூன் 30இல் சம்பந்தன் காலமானார். விருப்பு வாக்கில் அடுத்திருந்த ச. குகதாசன் அந்த இடத்துக்கு வந்தார். நவம்பரில் பொதுத் தேர்தல். தேசிய மக்கள் சக்தி 87,031 வாக்கோடு முதலிடம், ஐக்கிய மக்கள் சக்தி 53,058, தமிழரசுக் கட்சி 34,168. இந்த மூன்றும்தான் 5 வீதத்தைத் தாண்டின. ஆசனத்தின் விலை 58,086. தேசிய மக்கள் சக்திக்குப் போனஸோடு இரண்டு: அருண் ஹேமச்சந்திர, ரொஷான் அக்மீமன. மிச்ச வாக்கில் ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று. கடைசி ஆசனத்துக்குப் போட்டி யாருக்கு இடையில் தெரியுமா? தமிழரசுக் கட்சியின் 34,168க்கும், தேசிய மக்கள் சக்தியிடம் மிஞ்சியிருந்த 28,945க்கும்.

வடக்கில் அந்தத் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் ஒன்றோடொன்று மோதின. திருமலையில் மட்டும் தமிழரசுக் கட்சியும், வேறு தமிழ்க் கட்சிகள் சேர்ந்த ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஒரே பட்டியலில், வீட்டுச் சின்னத்தில் நின்றன. அதற்காகப் பேசி அலைந்தவர்கள் நன்றிக்குரியவர்கள். தனித் தனியாக நின்று, 34,168இல் 4,000 வாக்கு 5 வீதத்தைத் தாண்டாத இன்னொரு பட்டியலுக்குப் போயிருந்தால், ஆசனத்தின் விலையும் குறைந்து, தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் சற்றே மேலே வந்து, நான்காவது ஆசனமும் கைமாறியிருக்கும். 2000ஆம் ஆண்டு திரும்ப வந்திருக்கும். பெரியவர்களின் பயம் வெறும் பேச்சில்லை என்று சொன்னது இதனால்தான்.

ஆனால் அந்தப் பயத்தை மட்டும் காட்டி இன்னும் எத்தனை தேர்தல் வாக்குக் கேட்பது? 68,955 இருபது வருடத்தில் 34,168 ஆனது, பாதிக்குப் பாதி. இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஒரு பங்குதான். மற்றப் பங்கு, பிரிந்தால் போய்விடும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் வேறு சின்னத்துக்குப் போட்ட புள்ளடி. தென்னமரவாடிக்காரருக்குத் தன் வயலுக்குப் போக முடிகிறதா, மீனவருக்கு வலை போட முடிகிறதா, தொல்பொருள் என்று வேலி போட்ட காணி எப்போது திறக்கும் என்ற கேள்விகளுக்கு அவர்கள் பதில் எதிர்பார்த்தார்கள். ஒற்றுமைப் பட்டியல் ஆசனத்தைக் காப்பாற்றும், வாக்காளரைத் திரும்பக் கொண்டுவராது.

இதற்கிடையே கோடு மறுபடியும் மாறக் காத்திருக்கிறது. மாகாண சபைகளுக்குத் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய முறையை 2017இல் சட்டமாக்கினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. 2012க்குப் பிறகு மாகாண சபைக்கு நாங்கள் வாக்களிக்கவே இல்லை. புதிய எல்லைகள் வரையப்படும்போது மூதூர் கிழக்கின் தமிழ்க் கிராமங்கள் எந்தப் பக்கம் விழும், வெருகல் யாரோடு சேரும், குச்சவெளியில் புல்மோட்டையும் தென்னமரவாடியும் ஒரே கோட்டுக்குள் வருமா, மூதூருக்கு மறுபடி இரட்டை உறுப்பினர் கேட்க முடியுமா என்பதையெல்லாம் இப்போதே படம் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்துதான். 1976இல் கோடு விழுந்த பிறகுதான் பேசத் தொடங்கினோம்.